துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு முதல் நாள்: பையில் என்ன வைப்பது?

தேவிபட்டினத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். என்.சி.சி. முகாமில் .22 ரைபிள் சுட்டதில் ஆசை பிறந்து, இப்போது மதுரையில் ஒரு கிளப்பில் 10 மீட்டர் ஏர் ரைபிள் (காற்றழுத்தத்தால் சுடும் ரைபிள்) பயிற்சிக்குச் சேரப் போகிறாள். வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் நாள். விளையாட்டுச் சாமான் கடையில் எழுதிக் கொடுத்த பட்டியலைக் கூட்டினால் 20,000 ரூபாயைத் தாண்டுகிறது. "இதெல்லாம் வேண்டுமா, பையில் என்னதான் வைத்து அனுப்புவது, எங்கள் வீட்டில் கத்தரிக்கோல்கூட சீக்கிரம் துருப்பிடிக்கிறது, இந்தச் சாமான்களை எப்படிக் காப்பாற்றுவது?" என்பது கேள்வி. பணத்தைப் பற்றிக் கேட்ட மாதிரி இருந்தாலும், வரிகளுக்கு நடுவில் இன்னொன்றும் தெரிகிறது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்கிற கவலை அது. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். பையில் முதலில் போக வேண்டியவை அந்தக் கவலைக்கான சாமான்கள்தான். நல்ல வேளையாக, பட்டியலிலேயே மலிவானவையும் அவைதான்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக: பட்டாளத்தில் சிறு ஆயுதப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏர் ரைபிளும் ஏர் பிஸ்டலும் சொல்லிக் கொடுக்கிறேன். வீடு உச்சிப்புளிப் பக்கம், ஆகவே உங்கள் வீட்டு உப்புக்காற்று என் வீட்டிலும் அடிக்கிறது. பறக்கும் தட்டைச் சுடும் ஷாட்கன் பிரிவில் நான் பயிற்சி பெற்றதில்லை, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை. கீழே சொல்வது ரைபிள், பிஸ்டல் பழகும் பிள்ளைகளுக்கு மட்டும்.

முதலில் கண். ஏர் ரைபிளிலிருந்து கிளம்பும் 4.5 மில்லிமீட்டர் ஈய பெல்லட், அதாவது சிறு குண்டு, விநாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் போகிறது. டார்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் இரும்புப் பெட்டியில் பட்டு நசுங்கி பெரும்பாலும் அங்கேயே விழுந்துவிடும். பெட்டியின் தகடு பழசாகிப் பள்ளம் விழுந்திருந்தாலோ, பெல்லட் ஓரச் சட்டத்தில் பட்டாலோ, துணுக்கு திரும்பி வரும். பத்து மீட்டர் என்பது துணுக்குக்கு ஒரு தூரமே இல்லை. அதனால் பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று பையில் இருக்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் கிரைண்டிங் வேலைக்கு விற்கிற நிறமில்லாத கண்ணாடியே முதல் நாளுக்குப் போதும், கீறல் விழாததாகப் பார்த்து எடுங்கள். பவர் கண்ணாடி போடுகிற பிள்ளையானால் அதைக் கட்டாயம் கொண்டுபோக வேண்டும், அதன் மேலேயே மாட்டிக்கொள்ளும் பெரிய பாதுகாப்புக் கண்ணாடியும் கிடைக்கிறது. நீங்களும் உள்ளே நின்று பார்ப்பதாக இருந்தால் உங்களுக்கும் ஒன்று வேண்டும். துணுக்கு சுடுகிறவரை மட்டும் தேடி வராது.

கண்ணுக்கே இன்னொரு சின்னச் சாமான் உண்டு. குறி பார்க்காத கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சுடுவது எல்லாப் புதுப் பிள்ளைகளுக்கும் இருக்கும் பழக்கம். பத்து ஷாட்டுக்குள் முகத் தசை களைத்துப்போய், திறந்திருக்கும் கண்ணும் சுருங்க ஆரம்பிக்கும். பால் நிறத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பா மூடியிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி, அந்தக் கண்ணுக்கு முன்னால் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். வெளிச்சம் உள்ளே வரும், உருவம் தெரியாது, இரண்டு கண்ணும் இயல்பாகத் திறந்திருக்கும். போட்டி விதிப்படி இதன் அகலம் 30 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, ஆகவே இப்போதே அந்த அளவில் வெட்டிப் பழக்கிவிடலாம். கடையில் விலைக்கு விற்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

அடுத்து காது. ஏர் ரைபிள் சத்தம் அவ்வளவு பெரிதில்லை. ஆனால் பல கிளப்புகளில் தோட்டா போட்டுச் சுடும் .22 ரைபிளோ பிஸ்டலோ சுடும் இடம் பக்கத்திலேயே இருக்கும். அந்தச் சத்தம் காதின் உள்ளே இருக்கும் நுண்ணிய செல்களை அழிக்கும், அழிந்தது திரும்ப முளைக்காது. நுரையால் ஆன இயர் பிளக் இரண்டு ஜோடி வாங்குங்கள், ஒரு ஜோடி எப்படியும் தொலையும். அதைப் போடுவதில் ஒரு முறை இருக்கிறது, பெரும்பாலோர் சும்மா காது வாயிலில் சொருகிக்கொண்டு நிற்கிறார்கள். விரல்களுக்கு நடுவில் வைத்து மெல்லிய திரிபோல உருட்ட வேண்டும். வலது காதுக்குப் போடும்போது இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். துளை நேராகும். உள்ளே விட்டு, நுரை விரிந்து நிற்கும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். சரியாக உட்கார்ந்தால் சுற்றியிருக்கும் பேச்சு சட்டென்று தள்ளிப்போன மாதிரி கேட்கும். இதை ரேஞ்சுக்குள் நுழைவதற்கு முன்பே, பெல்லட்டைத் தொடாத சுத்தமான கையால் செய்துவிட வேண்டும். முக்காடு போடும் பிள்ளைகள் துணிக்கு மேல் இயர் மஃப் (காதை முழுக்க மூடும் கவசம்) மாட்டினால் இடைவெளி வழியாகச் சத்தம் நுழைந்துவிடும். துணிக்கு உள்ளே பிளக், வேண்டுமானால் அதன் மேல் மஃப் என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய தொங்கட்டான் கம்மலும் மஃப்பைக் காதோடு ஒட்ட விடாது.

கையைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கடைக்காரர் எவரும் பட்டியலில் இதை எழுதுவதில்லை. பெல்லட் என்பது ஈயம். வலையில் கோக்கிற ஈயக்குண்டு இருக்கிறதே, அதே உலோகம். மகள் ஒரு காலைப் பயிற்சியில் அறுபது, எண்பது பெல்லட்டை ஒவ்வொன்றாக விரலால் எடுத்துப் போடுவாள், விரல் நுனியில் சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு படியும். அந்தக் கையோடு பிஸ்கட் சாப்பிட்டாலும் வாயைத் துடைத்தாலும் ஈயம் உள்ளே போகிறது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும் என்பதிலும் சந்தேகம் இல்லை. இதற்காகப் பயந்து விளையாட்டை விட வேண்டியதில்லை, ஒழுங்காகக் கை கழுவினால் போதும். சானிடைசர் கிருமியைக் கொல்லும், ஈயத்தை எடுக்காது. சோப்பும் தண்ணீரும்தான் எடுக்கும். அதனால் பையில் ஒரு சிறு சோப்பு டப்பா, கை துடைக்கத் தனித் துண்டு, இரண்டு தண்ணீர் பாட்டில். ஒன்று குடிக்க, ஒன்று கை கழுவ. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைக் கூடுதலாகச் சொல்கிறேன்: கடலோர ஊர்களில் பயிற்சி நடந்தால் குழாயில் வருவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர், அதில் சோப்பு நுரைக்கவே நுரைக்காது. வீட்டிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுபோவது நல்லது.

சாப்பாட்டு டப்பா, பையில் பெல்லட் வைக்கும் அறையில் சேரக் கூடாது. ஒரே பையானால் சாப்பாட்டை மூடிய டப்பாவில் போட்டு வெளிப்பக்க ஜிப்பில் வையுங்கள். சுடும் இடத்தில் தின்பது, நகம் கடிப்பது, பெல்லட்டை உதட்டில் வைத்துக்கொள்வது எதுவும் கூடாது. கடைசியாகச் சொன்னதைப் பிள்ளைகள் கை காலியாக இல்லாதபோது நினைக்காமலே செய்வார்கள். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் ரேஞ்சுக்குப் போட்டுப் போன உடுப்பைத் தனியாகத் துவைத்துவிடுங்கள், செருப்பு ஷூவை வாசலிலேயே விடச் சொல்லுங்கள்.

உடுப்பைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. கழுத்து மூடிய பருத்தி டி-ஷர்ட், தொளதொளவென்று இல்லாத பேன்ட், தட்டையான அடியுள்ள மூடிய ஷூ. செருப்பு வேண்டாம். ஓடுவதற்கான ஷூவில் குதிகால் பக்கம் மெத்தென்று உயர்ந்திருக்கும், அதில் நின்றால் உடம்பு முன்னும் பின்னும் ஆடும், பள்ளிக்குப் போடும் கான்வாஸ் ஷூவே மேல். வளையலையும் வாட்சையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகட்டும். முடியைப் பின்னால் இறுக்கிக் கட்ட இரண்டு ரப்பர் பேண்டு வேண்டும், கன்னம் ரைபிளில் பதிகிற இடத்தில் முடி விழுந்தால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் தலை வேறு வேறு இடத்தில் உட்காரும். நாப்கினும் ஒரு மாற்று உடுப்பும் பையின் அடியில் எப்போதும் கிடக்கட்டும், சில ரேஞ்சுகளில் கழிப்பறையும் கடையும் பக்கத்தில் இருக்காது. ஆஸ்துமா போன்ற தொந்தரவு இருந்தால் இன்ஹேலரும் மருத்துவர் சீட்டின் நகலும்.

இப்போது பையில் இருக்கவே கூடாத ஒன்று. உங்கள் மகள் என்.சி.சி.யிலிருந்து வருவதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அங்கே .22 தோட்டாக்களை எண்ணிக் கொடுத்து, சுட்டு முடித்ததும் காலிக் கேஸ்களையும் எண்ணி வாங்குவார்கள். பட்டாளத்தில் கோக்கா என்போம், ஒன்று குறைந்தாலும் மைதானத்தையே சல்லடை போட்டுத் தேடுவோம். ஞாபகத்துக்கு ஒன்று இருக்கட்டும் என்று பிள்ளைகள் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள ஆசைப்படுவது இயல்பு. காலியோ, சுடாததோ, எதுவும் வீட்டுக்கு வரக் கூடாது. உரிமம் இல்லாமல் சுடாத தோட்டா வைத்திருப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். மறந்துபோய்ப் பையின் மூலையில் கிடந்தது பிறகு விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தால், குடும்பமே விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். முகாமுக்குக் கொண்டுபோன அதே பையை இப்போதும் எடுப்பதாக இருந்தால், எல்லா ஜிப்பையும் திறந்து தலைகீழாகக் கொட்டிப் பாருங்கள். ரேஞ்சுக்கென்றே ஒரு பை ஒதுக்கிவிடுவது இன்னும் நல்லது. பள்ளிக்கும் சுற்றுலாவுக்கும் அதை எடுக்க வேண்டாம்.

சரி, அந்த 20,000 ரூபாய்ப் பட்டியல். நீங்கள் எழுதியதில் ஷூட்டிங் ஜாக்கெட், பேன்ட், ஷூ, கையுறை, நாலைந்து டப்பா பெல்லட், சுத்தம் செய்யும் கிட், பெரிய பை என்று இருக்கிறது. முதல் மாதம் இதில் எதுவும் வேண்டாம். ஜாக்கெட்டும் பேன்ட்டும் கனத்த கான்வாஸும் தோலும் சேர்த்து, உடம்பின் அளவுக்குத் தைப்பவை. முதுகுக்குத் தாங்கல் கொடுத்து ரைபிளின் எடையை எலும்பில் இறக்குவது அவற்றின் வேலை. ஐந்து கிலோ எடை வரும் ரைபிளை ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டு பிடிக்கப் பிற்பாடு அவை வேண்டும்தான். ஆனால் நிற்கும் முறையே படியாத பிள்ளைக்கு அதைப் போட்டுவிட்டால், தவறான நிலையைக்கூடத் துணி தாங்கிப் பிடித்துவிடும், கோச்சுக்குத் தவறு தெரியாது. வளரும் வயது வேறு, ஒரு வருடத்தில் தோள் இறுகிவிடும். கிளப்பில் பொதுவுக்கு இரண்டு மூன்று ஜாக்கெட் கிடக்கும், அதைப் போட்டுப் பழகட்டும். உள்ளே போட முழுக்கைப் பருத்திச் சட்டை ஒன்று கொடுத்துவிடுங்கள், பிறர் வியர்வை பட்ட கான்வாஸ் நேரே தோலில் படாது. ரைபிளும் பெல்லட்டும் தொடக்கத்தில் கிளப்பே கொடுக்கும், பெல்லட்டுக்கு மட்டும் காசு வாங்குவார்கள்.

என்ன வாங்கலாம் என்று கேட்டால், ஒரு ஆரஞ்சு நிற சேஃப்டி ஃபிளாக். பார்ப்பதற்குத் தடித்த நைலான் கயிறு போல இருக்கும். குழலின் முழு நீளத்துக்கும் போய் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது தெரிந்தால் உள்ளே பெல்லட் இல்லை என்று பத்தடி தள்ளி நிற்பவருக்கும் புரியும். சர்வதேச விதிகளே இதைக் கேட்கின்றன. கிளப் ரைபிளில் இருக்கும், இருந்தாலும் மகளுடைய பையில் சொந்தமாக ஒன்று இருந்தால், ரைபிளைக் கீழே வைக்கும் ஒவ்வொரு முறையும் அதைச் சொருகும் பழக்கம் முதல் நாளிலிருந்தே கையில் ஏறும். அப்புறம், திறந்தவெளியில் பயிற்சி நடக்கும் இடங்களில் கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும் என்று குழல் வாயில் துணியோ பஞ்சோ அடைத்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். எடுக்க மறந்து சுட்டால், ஏர் ரைபிளில் பெல்லட் சிக்கிக்கொள்ளும், தோட்டா ரைபிளில் குழலே பிளக்கலாம்.

உப்புக்காற்றுக்கு வருகிறேன். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்தியதற்குத் துருதான் பெரிய காரணம். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனி வகைப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். நம் காற்று அவ்வளவு பொல்லாதது. காற்றில் மிதந்து வரும் உப்புத் துகள் உலோகத்தின் மேல் படிந்து, சுற்றியுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழை பெய்யாத நாளிலும் கருவியின் மேல்தோல் நனைந்துகொண்டே இருக்கும். அதோடு வியர்வையும் உப்புத்தான். சுட்டு முடித்து அப்படியே உறையில் போட்டு மூடினால், மறுநாள் காலை விரல் பட்ட இடத்தில் விரல் ரேகையோடு பழுப்புக் கறை தெரியும்.

இதற்கு இரண்டு பழைய பருத்தித் துணி போதும், வேட்டித் துணி நல்லது. ஒன்று உலர்ந்தது. மற்றொன்றில் நாலு சொட்டு துப்பாக்கி எண்ணெய் விட்டு நன்றாகக் கசக்கி, ஜிப் பையில் போட்டு வையுங்கள். சுட்டு முடித்ததும் முதலில் உலர்ந்த துணியால் வியர்வையைத் துடைக்க வேண்டும், பிறகுதான் எண்ணெய்த் துணி. வரிசை மாறினால் உப்பின் மேலேயே எண்ணெய் படலம் போட்டு அதை உள்ளே பூட்டிவிடுவோம். துடைத்த பிறகு உலோகத்தில் மங்கலாக ஒரு மினுமினுப்பு இருக்க வேண்டும், விரலில் எண்ணெய் ஒட்டக் கூடாது. துப்பாக்கி எண்ணெய் கிடைக்காவிட்டால் வெளிப்பக்கத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் பரவாயில்லை. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசின்போலாகித் தூசியை இழுக்கும். எந்த எண்ணெயானாலும் ஏர் ரைபிளின் உள்ளே, காற்று அழுத்தம் உண்டாகும் பகுதிக்குள் விடவே கூடாது. அழுத்தத்தில் சூடாகும் காற்றும் எண்ணெய் ஆவியும் சேர்ந்தால் பற்றிக்கொள்ளும். அங்கே தேவைப்படுவது சிலிக்கோன் கிரீஸ், அதையும் பழுது பார்க்கத் தெரிந்தவர் போடட்டும்.

பின்னாளில் சொந்த ரைபிள் வாங்கினால், நுரை வைத்த பெட்டி பயணத்துக்கு மட்டும்தான். வீட்டில் அதற்குள்ளேயே மூடி வைத்தால் நுரை ஈரத்தைக் குடித்துக்கொண்டு ரைபிளுக்கு ஊட்டும். கடலைப் பார்த்த சுவரை விட்டு, உள்ளறை பீரோவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு பூட்டி வைக்கலாம். பெல்லட் டப்பாவுக்கும் ஜிப் பையும் ஒரு சிலிக்கா பொட்டலமும் வேண்டும். ஈயம் துருப்பிடிக்காது என்று நினைக்கிறோம், ஆனால் ஈரத்தில் அதன் மேல் வெள்ளைப் பொடி பூக்கும். அப்படிப் பூத்த பெல்லட்டை ஊதியோ துடைத்தோ பயன்படுத்த வேண்டாம், அந்தப் பொடி கையிலும் மூச்சிலும் சுலபமாகப் போகும். டப்பாவோடு கிளப்பில் ஒப்படைத்துவிடுங்கள், ஈயக் கழிவை அவர்கள் தனியாகச் சேர்ப்பார்கள். காற்று சிலிண்டர் வைத்த ரைபிளானால், அதன் உள்ளே அழுத்தம் 200 பார் அளவில், அதாவது வெளிக்காற்றைப்போல் சுமார் இருநூறு மடங்கு இருக்கும். வெயிலில் நிற்கும் மூடிய காரில் அதை விடக் கூடாது. சிலிண்டரின் மேல் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியைப் பார்ப்பதும் உரிமையாளரின் பொறுப்பு, போட்டிகளில் அதைச் சரிபார்ப்பார்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் குழலை விட்டுக் கிளம்பும் பெல்லட்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத ஏர் ரைபிளுக்கு 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. அதனால் தெருவில் கையில் எடுத்துப் போகலாம் என்று அர்த்தமில்லை. பார்க்கிறவருக்கு அது துப்பாக்கிதான், நம் கடலோரத்தில் சோதனையும் அதிகம். மூடிய உறை, வாங்கிய ரசீதின் நகல், அடையாள அட்டை, கிளப் கொடுத்த அட்டை அல்லது கடிதம் நான்கும் ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் மகள் இப்போது ரைபிள் கொண்டுபோகப் போவதில்லை, ஆகவே ஆதார் நகலும் இரண்டு புகைப்படமும் பெற்றோர் சம்மதக் கடிதமும் போதும். ஒரு விஷயத்தை மட்டும் மனசார வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்கு ஏர் ரைபிள் வந்தால், அண்ணன் தம்பிமார் அதை எடுத்துக்கொண்டு கண்மாய்ப் பக்கம் கொக்கு சுடப் போவது நம் மாவட்டத்தில் நடக்கிறது. சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் என்று நம்மைச் சுற்றிப் பறவைச் சரணாலயங்கள் இருக்கின்றன. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், அதைவிட அந்தப் பறவைகள் எவ்வளவு தூரத்திலிருந்து நம் கண்மாயை நம்பி வருகின்றன என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். சாவி உங்கள் கையில் இருக்கட்டும்.

இதுவரை சொன்னவற்றில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனி வருபவை அனுபவத்தில் பார்த்தவை, ஆளுக்கு ஆள் மாறும். காலையில் காபி குடித்தால் கை நடுங்கும் என்பார்கள். தினமும் குடிக்கிற பிள்ளை அன்றைக்கு மட்டும் நிறுத்தினால் தலைவலியோடு நிற்பதையும் பார்த்திருக்கிறேன், ஆகவே வழக்கத்தை மாற்ற வேண்டாம் என்பது என் எண்ணம். தேவிபட்டினத்திலிருந்து மதுரைக்கு விடியற்காலைப் பேருந்தில் போகும் பிள்ளை வெறும் வயிற்றோடு நிற்கக் கூடாது. இட்லி, வாழைப்பழம், ஒரு பிடி வேர்க்கடலை, எண்ணெயில் பொரித்தது தவிர எதுவும் சரி. எந்த கம்பெனி பெல்லட் சிறந்தது என்று கேட்டால் ஒவ்வொரு குழலுக்கும் ஒவ்வொன்று ஒத்துப்போகும், முதல் வருடத்தில் அந்த வித்தியாசம் மகளின் ஸ்கோரில் தெரியாது. ஆனால் ஒன்று சந்தேகத்துக்கு இடமில்லாதது: கை நடுக்கத்துக்கு என்று யாராவது மாத்திரை சொன்னால் வாங்காதீர்கள். புரொப்ரனலால் போன்ற, இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் துப்பாக்கி சுடுதலில் போட்டி நாளிலும் மற்ற நாளிலும் தடை செய்யப்பட்டவை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜாங் சு வென்ற இரண்டு பதக்கமும் அதனால் பறிபோயின. ஆஸ்துமா உள்ளவருக்கு அந்த மாத்திரை உயிருக்கே ஆபத்து.

பையில் கடைசியாக ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் வையுங்கள். ஸ்கோரை மட்டும் எழுதினால் பயன் குறைவு. ஒரு வட்டம் போட்டு, துளைகள் விழுந்த இடத்தைப் புள்ளியாகக் குறித்து, பக்கத்தில் அன்றைக்கு வெளிச்சம் எப்படி, எத்தனையாவது ஷாட்டில் தோள் வலித்தது, எந்த ஷாட்டில் டிரிகரைப் பிடுங்கிவிட்டோம் என்று தோன்றியது என்று இரண்டு வரி எழுதட்டும். ஏர் ரைபிள் டார்கெட்டில் பத்து மதிப்பெண் தரும் நடு இடம், அரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு புள்ளி. முதல் சில வாரம் அதில் படுகிறதா என்று பார்க்கவே வேண்டாம். துளைகள் ஒன்றோடொன்று நெருங்கி ஒரே இடத்தில் கூடுகின்றனவா என்று பாருங்கள். மூலையில் கூடினாலும் நல்ல சுடுதல்தான், சைட்டை (குறி பார்க்கும் பாகத்தை) திருகி நடுவுக்குக் கொண்டுவர கோச்சுக்கு இரண்டு நிமிடம் போதும்.

பையை சனிக்கிழமை இரவே அவளையே கட்டச் சொல்லுங்கள், நீங்கள் கூட உட்கார்ந்து பார்த்தால் போதும். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டு வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவில் பழுதாகி நிமிடக்கணக்கில் நேரம் போனது, இறுதிச் சுற்று கைநழுவியது. 2024 பாரிஸில் அவர் இரண்டு வெண்கலம் வாங்கினார். அவ்வளவு பெரிய அணிக்கே கருவி காலை வாரும் என்றால், நாம் நம் சாமானை முந்தின நாளே ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிடுவது நல்லது. கண்ணாடி, பிளக், சோப்பு, இரண்டு தண்ணீர், இரண்டு துணி, ஃபிளாக், நோட்டு, சாப்பாடு, அடையாளச் சீட்டுகள். பள்ளிப் பையின் பாதிகூட நிறையாது. மூன்று நான்கு மாதம் கழித்து, பிள்ளை விடாமல் போகிறாள், கோச்சும் ஜாக்கெட் எடுக்கலாம் என்கிறார் என்றால், அளவெடுக்கும்போது உள்ளே போடும் பருத்திச் சட்டையோடு, ரைபிளைப் பிடித்து நிற்கும் நிலையில் எடுக்கச் சொல்லுங்கள். கையைத் தொங்கவிட்டு எடுத்த அளவு தோளிலும் முதுகிலும் பொருந்தாது. அதற்கு முன் கிளப்பில் வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் பழைய ஜாக்கெட் ஏதாவது விலைக்கு வருகிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள், பெரும்பாலும் வரும்.